கடமானுக்கு எந்தத் தோட்டா?

புள்ளிமானின் நெஞ்சுக்கூட்டில் இதயமும் நுரையீரலும் சேர்ந்திருக்கும் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம்தான். கடமானுக்கு அதைவிடச் சற்றுப் பெரிது. முன்னங்காலை ஒட்டி, உடலின் கீழ்ப்பாதியில் உள்ள அந்த இடத்தில் குண்டு பாய்ந்து இரு நுரையீரல்களையும் கிழித்தால் மான் சில விநாடிகளில் நினைவிழக்கும். ஓடினாலும் ஐம்பது, நூறு மீட்டருக்குள் சாய்ந்துவிடும். அதே குண்டு இரண்டு சாண் பின்தள்ளி வயிற்றில் பட்டால், மான் புதருக்குள் புகுந்து பல மணி நேரம் துடித்துச் சாகும். சுட்டவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதும் இல்லை. மான் வேட்டைக்கு ஏற்ற ரைபிள் தோட்டா எது என்ற கேள்விக்குச் சொல்லப்படும் விடைகள் எல்லாம் முதல் வகைச் சாவை உறுதிப்படுத்தவும் இரண்டாவதைத் தவிர்க்கவும் பிறந்தவை.

இந்தியாவில் இன்று மானைச் சுடுவது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. அதற்கு முன் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் நீலகிரியில் உரிமம் பெற்று மான் வேட்டை நடந்தது. எந்தத் தோட்டா கடமானுக்குப் போதும், எது போதாது என்ற அறிவு அந்த மலைகளில் பட்டறிவாகவே சேர்ந்தது. நம் காடுகளின் அதே கடமானும் புள்ளிமானும் இன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சட்டப்படி வேட்டையாடப்படுகின்றன. எனவே இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறும், கடல் கடந்து ஒரு நிகழ்காலமும் உண்டு.

ரைபிள் தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய கேப், கூட்டுக்குள் நிரப்பிய மருந்து, கூட்டின் வாயில் செருகிய குண்டு. துப்பாக்கியின் ஊசி கேப்பைத் தட்டியதும் மருந்து எரிந்து வாயுவாகி, குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழலவைக்கின்றன. அந்தச் சுழற்சியால்தான் குண்டு பாதை மாறாமல் நேராகப் போகிறது.

.303, .275, .375 என்று தோட்டாக்களுக்கு வழங்கும் எண்கள் குழலின் அல்லது குண்டின் குறுக்களவை அங்குலத்தில் ஏறத்தாழக் குறிப்பவை. ஐரோப்பியர் இதையே மில்லிமீட்டரில் எழுதுவார்கள். 1892இல் ஜெர்மனியின் மௌசர் நிறுவனம் வடிவமைத்த 7×57 தோட்டாவைத்தான் லண்டனின் ரிக்பி நிறுவனம் .275 ரிக்பி என்ற பெயரில் விற்றது. ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற ரைபிள் இந்த அளவைச் சேர்ந்தது. .30-06 என்பதில் உள்ள 06, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற 1906ஆம் ஆண்டைச் சுட்டும்.

இந்த எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டாவின் வலிமையை அளந்துவிட முடியாது. பயிற்சிக் கூடங்களில் சுடும் .22 ரிம்ஃபயரும், ராணுவ வகையைச் சேர்ந்த .223உம் குறுக்களவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முதலாவது குழல்வாயில் 200 ஜூலுக்கும் குறைந்த ஆற்றலைத் தரும். இரண்டாவது 1,700 ஜூலைத் தொடும். வேறுபாடு குண்டின் எடையிலும் வேகத்திலும் இருக்கிறது. எடை இரு மடங்கானால் ஆற்றலும் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்காகும். குண்டின் எடையை கிரெயின் என்ற பழைய அளவில் சொல்வது வழக்கம். ஒரு கிரெயின் 0.065 கிராம்; 150 கிரெயின் குண்டு பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு.

ஆற்றலைவிட முக்கியமானது குண்டின் கட்டமைப்பு. இதில் இந்தியாவுக்குத் தனி இடம் உண்டு. ஈயக் குண்டு முழுவதையும் கெட்டியான உலோக உறையால் மூடினால், அது உடலை ஒரு பக்கம் துளைத்து மறுபக்கம் வெளியேறும். உள்ளே மெல்லிய துளை மட்டும் மிஞ்சும். 1890களில் வடமேற்கு எல்லைப் போர்களில் தங்கள் .303 குண்டுகள் எதிரிகளை நிறுத்தவில்லை என்று ஆங்கிலப் படையினர் முறையிட்டார்கள். கல்கத்தாவுக்கு அருகே டம்டம் என்ற இடத்தில் இருந்த படைக்கலத் தொழிற்சாலையில் கேப்டன் பெர்டி-கிளே குண்டின் மூக்கில் உறையை நீக்கி, ஈயத்தை வெளியே தெரியும்படி விட்டார். உடலில் பட்டதும் அந்த மூக்கு நசுங்கி விரிந்து அகன்ற காயத்தை உண்டாக்கியது. 1899இல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் இத்தகைய விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது.

வேட்டையில் நிலைமை இதற்கு நேர்மாறு. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், மானைச் சுடும் ரைபிள் குண்டு விரியும் வகையாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. மனிதருக்குக் கொடுமை என்று விலக்கியதை விலங்குக்கு விதியாக்குவது முரணாகத் தோன்றலாம். போரில் ஒருவரைச் செயலிழக்கச் செய்தால் போதும். காயம்பட்டவரை எடுத்துச் செல்ல மருத்துவர்கள் வருவார்கள். காட்டில் காயம்பட்ட மானுக்கு அப்படி யாரும் வரப்போவதில்லை. விரைந்து கொல்வது ஒன்றே அதற்குக் காட்டக்கூடிய இரக்கம். உறை மூடிய ராணுவக் குண்டால் மானைச் சுடுபவர் எவ்வளவு வலிமையான தோட்டாவைப் பயன்படுத்தினாலும் அந்த இரக்கத்தைக் காட்டத் தவறுகிறார்.

விரியும் குண்டிலும் ஒரு தொல்லை உண்டு. மிக வேகமாகப் பாயும் மெல்லுறைக் குண்டு பெரிய விலங்கின் தோள் எலும்பில் பட்டதும் சிதறிவிடும். மேலே பெரிய புண் ஏற்படும், நுரையீரல் தப்பிவிடும். 1946இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவில் மூஸ் என்ற பெரிய மானைச் சுட்டபோது இதை நேரில் கண்டார். முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் உள்ளே செல்லவும், நடுவில் உலோகத் தடுப்பு வைத்த குண்டை அவர் உருவாக்கினார். 1948 முதல் அது விற்பனைக்கு வந்தது. ஈயத்தையும் உறையையும் பிணைத்துச் செய்யும் குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் இதே தேவைக்காகப் பின்னர் வந்தவை.

தோட்டாவைத் தேர்வதற்கு முன் விலங்கை அறிய வேண்டும். தமிழ்நாட்டுக் காடுகளில் கேளையாடு இருபது கிலோ அளவு உள்ள சிறிய மான். புள்ளிமான் கிடா எழுபது முதல் தொண்ணூறு கிலோ இருக்கும். மிளா என்றும் அழைக்கப்படும் கடமான், இந்திய மான்களிலேயே பெரியது. வளர்ந்த கிடா இருநூறு கிலோவைத் தாண்டும், முந்நூறை எட்டுவதும் உண்டு. தடித்த தோல், பிடரியில் அடர்ந்த மயிர், கனத்த தோள் எலும்பு. புள்ளிமானுக்கு ஏற்ற தோட்டா கடமானுக்குப் போதாமல் போகும் என்பதற்கு இந்த உடற்கட்டே காரணம்.

விக்டோரியா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. அங்கே புள்ளிமானுக்குக் குறைந்தது .243 அங்குலக் குறுக்களவும் 80 கிரெயின் எடையும் உள்ள குண்டு வேண்டும். கடமானுக்குக் குறைந்தது .270 அங்குலமும் 130 கிரெயினும். இந்த எல்லைக்கோட்டைக் கவனித்தால் இரண்டு பழைய அமெரிக்கத் தோட்டாக்கள் நினைவுக்கு வரும். 1955இல் வந்த .243 வின்செஸ்டர், 1925இல் வந்த .270 வின்செஸ்டர். முன்னது 100 கிரெயின் குண்டை விநாடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில் செலுத்தி 2,600 ஜூல் அளவு ஆற்றல் தரும். பின்னது 130 கிரெயினை 930 மீட்டருக்கு மேல் செலுத்தி 3,600 ஜூலைத் தாண்டும். இங்கிலாந்தின் சட்டம் பெரும்பாலான மான் இனங்களுக்குக் குறுக்களவோடு ஆற்றலையும் சேர்த்து நிர்ணயிக்கிறது. .240 அங்குலம், 1,700 அடி-பவுண்டு. அதாவது ஏறத்தாழ 2,300 ஜூல். இவை குறைந்தபட்ச அளவுகளே. கடமானை நாடும் அனுபவசாலிகள் .308, .30-06 போன்றவற்றில் 165, 180 கிரெயின் குண்டுகளை விரும்புவார்கள். மான் நேராகப் பக்கவாட்டில் நிற்காமல் சாய்ந்து நிற்கும்போது, குண்டு கூடுதல் தசையையும் எலும்பையும் கடந்து செல்ல வேண்டியிருக்கிறது. அப்போது உதவுவது அந்தக் கூடுதல் எடைதான்.

கடமான் ஆஸ்திரேலியாவுக்குப் போனது 1860களில். இங்கிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறிய மான்கள் விக்டோரியாவின் மலைக்காடுகளில் பெருகின. புள்ளிமான் 1886இல் குயின்ஸ்லாந்தின் மேரிவேல் பண்ணையில் விடப்பட்டது. 1860களில் ஹவாய் தீவுகளுக்கும், 1930களில் டெக்சாஸுக்கும் போய்ச் சேர்ந்தது. புலியும் செந்நாயும் இல்லாத நிலங்களில் இந்த மான்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, அங்குள்ள செடிகொடிகளை அழிக்கின்றன. வேட்டை அங்கே ஒரு கட்டுப்பாட்டு நடவடிக்கையாகவும் பார்க்கப்படுகிறது. முதுமலையில் அந்த வேலையைச் செய்யப் புலி இருக்கிறது.

நீலகிரியின் கதை கரிமருந்துக் காலத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கு வேட்டையாடிய ஆங்கில அதிகாரிகள் கனத்த ஈயக் குண்டுகளையும் கரிமருந்தையும் நம்பினார்கள். அந்தக் குண்டு மெதுவாகப் போகும். தூரம் கூடக்கூட வேகமாகக் கீழிறங்கும். ஒரு முறை சுட்டால் எழும் வெண்புகை கலையும்வரை மான் விழுந்ததா ஓடியதா என்பதே தெரியாது. சோலைக்காட்டின் விளிம்பில் மேயும் கடமானை எதிர்ச்சரிவிலிருந்து சுடுவதற்கு அது போதவில்லை. காயம்பட்ட மான்கள் சோலைக்குள் மறைந்தன. 1870களுக்குள் நீலகிரியில் கடமானும் வரையாடும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்துபோயின. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது. 1879இல் சென்னை அரசு நீலகிரி வேட்டை விலங்குகள் மற்றும் மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்கு மூடிய பருவமும் உரிமமும் வந்தன. வேட்டைக்காரர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு கேட்டு வாங்கியது அந்த நாளில் அரிய செயல். மலைவாழ் மக்களின் வேட்டையை அந்தச் சட்டம் அவர்களைக் கேளாமலே சுருக்கியது என்பதையும் சேர்த்தே அதை மதிப்பிட வேண்டும்.

கரிமருந்துக்கு மாற்றாகப் புகையில்லா மருந்து வந்ததும் எல்லாம் மாறியது. ஆங்கிலப் படையின் .303 தோட்டா 1888இல் கரிமருந்தோடு அறிமுகமாகி, 1890களின் தொடக்கத்தில் கார்டைட் என்ற புகையில்லா மருந்துக்கு மாறியது. நூல்நூலாகச் செய்யப்படும் அந்தக் கார்டைட்டைத் தயாரிக்க 1903இல் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. அது இன்றும் இயங்குகிறது. மலைரயிலில் போகிறவர்கள் அருவங்காடு நிலையத்தைக் கடக்கும்போது அந்த வளாகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

புது மருந்தால் குண்டு சிறுத்தது, வேகம் கூடியது, பாதை தட்டையானது. 140 கிரெயின் குண்டு கொண்ட .275 ரிக்பி, திறந்த புல்மேட்டில் நெடுந்தூரத்தில் நிற்கும் கடமானுக்குப் போதுமானதாக இருந்தது. மலையடிவாரத்து அடர்காட்டில் கதை வேறு. முதுமலை, சிகூர் பக்கம் புள்ளிமானைத் தேடிப் போகிறவர் எதிர்பாராமல் யானையையோ காட்டெருமையையோ சந்திக்கலாம். அதனால் 1912இல் ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனம் கொண்டுவந்த .375 போன்ற கனத்த தோட்டாக்களை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. சேலம், கோவைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிய கென்னத் ஆண்டர்சன் நம்பியது .405 வின்செஸ்டர்.

இந்தியாவில் தோட்டாத் தேர்வை விலங்கைவிட அதிகமாகத் தீர்மானித்தது அரசியல். ராணுவத் துப்பாக்கியின் தோட்டாக்கள் கலகக்காரர் கைக்குப் போய்விடக்கூடாது என்ற அச்சத்தால், 1900களின் முதல் பத்தாண்டில் .450 அளவுத் தோட்டாக்களுக்கு இந்தியாவில் தடை வந்தது. லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470 என்று புதிய அளவுகளை வடிவமைத்துத் தடையைச் சுற்றிப்போயின. ராணுவ அளவான .303உம் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப வந்ததுதான் .315. ஆஸ்திரிய ராணுவத்தின் 8 மி.மீ. தோட்டாவை அடிப்படையாகக் கொண்ட இது, 244 கிரெயின் எடையுள்ள மழுங்கிய மூக்குக் குண்டை விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் செலுத்தும். விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் இச்சாபூர் அரசுத் தொழிற்சாலை இந்தத் தோட்டாவுக்கான ரைபிளைத் தயாரித்தது. உரிமம் பெற்ற விவசாயி முதல் வங்கிக் காவலர் வரை இந்தியாவில் ரைபிள் என்றால் பெரும்பாலும் இதுவே என்றானது.

.315இல் குறை சொல்ல வேண்டுமானால் அதன் பாதையைச் சொல்லலாம். குழலை விட்டு வெளியேறிய கணத்திலிருந்தே எந்தக் குண்டும் புவியீர்ப்பால் கீழிறங்குகிறது. .270இன் குண்டு 200 மீட்டரைக் கால் விநாடிக்குள் கடந்துவிடுவதால் அதற்குள் ஏறத்தாழ 25 செ.மீ. மட்டுமே இறங்கும். மெதுவான .315 குண்டு அதே தூரத்தில் 60 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். குறிக்காட்டியைக் குறிப்பிட்ட தூரத்துக்குச் சரிசெய்துவைத்தால் இந்த இறக்கத்தை ஈடுகட்ட முடியும். ஆனால் தூரத்தை ஐம்பது மீட்டர் தவறாகக் கணித்தால் .270இல் பிழை சில சென்டிமீட்டர்; .315இல் மானின் நெஞ்சுக்கும் காலுக்கும் உள்ள இடைவெளி. எண்பது மீட்டருக்குள் சுடும் அடர்காட்டில் .315 கடமானுக்கும் போதும். புல்மேட்டில் அது பொருத்தமற்றது.

துப்பாக்கியின் உதை பலரும் நாணத்தால் பேசாத விஷயம். குண்டு முன்னே பாயும் அளவுக்குத் துப்பாக்கி தோளில் பின்னே இடிக்கும். .375இன் இடி பழகாதவரைச் சுடும் முன்பே கண்ணை மூடவைக்கும், விசையை வெடுக்கென்று இழுக்கவைக்கும். குண்டு நெஞ்சை விட்டு வயிற்றுக்குப் போவது பெரும்பாலும் இந்தக் கணத்தில்தான். 3,600 ஜூல் நெஞ்சில் படுவது 5,800 ஜூல் வயிற்றில் படுவதைவிட எவ்வளவோ மேல். தேவைக்கு மேல் வலிமையான தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் புதியவரும் தேவைக்குக் குறைந்ததை எடுப்பவரைப் போல மானைக் காயப்படுத்துகிறார். ஒருவர் நூறு மீட்டரில் அந்தத் தட்டகலத்துக்குள் தொடர்ந்து சுட முடிகிற மிக வலிமையான தோட்டா எதுவோ, அதற்கு மேல் அவர் போக வேண்டியதில்லை.

ரைபிளே இல்லாமல் நடந்த வேட்டைதான் தமிழகத்தில் மான்களுக்கு அதிகத் துன்பம் தந்தது. தோட்டத் துரைமார் காலத்தில் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் எல்.ஜி., எஸ்.ஜி. என்ற பெரிய ரவைத் தோட்டாக்களைப் போட்டு மானைச் சுடுவார்கள். இருபத்தைந்து, முப்பது மீட்டரைத் தாண்டினால் அந்த ரவைகள் பரவிப் பிரிந்து, ஒன்றிரண்டு மட்டும் மானின் மேல் பட்டுக் காயப்படுத்தும். அனுமதியில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் பிடிபடுகின்றன. குழலின் வாய்வழியே கரிமருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் இடித்துச் செலுத்தும் இவற்றுக்கு வரிப்பள்ளமும் இல்லை, நம்பகமான வேகமும் இல்லை. பால்ரஸ் உருண்டை கெட்டியான எஃகு, விரியாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், மானுக்கு இதைவிடக் கொடிய ஆயுதம் இல்லை.

வேடந்தாங்கல் இந்தப் பேச்சில் இடம்பெற வேண்டிய ஊர்.  அங்குள்ள ஏரியில் தங்கும் பறவைகளை ஆங்கிலப் படையினர் சுட்டபோது, எச்சம் கலந்த ஏரிநீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அறிந்திருந்த ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798இல் பறவைகளைக் காக்க அவர் எழுத்துமூலம் ஆணை கொடுத்தார். நீலகிரியின் வேட்டைச் சட்டத்துக்கு எண்பத்தொரு ஆண்டுகள் முன்னே இந்தச் சமவெளிக் கிராமத்தார் துப்பாக்கியை நிறுத்தக் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அதைக் கொன்றாலும், சரணாலயத்துக்குள் எந்த மானைக் கொன்றாலும், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. மனித உயிருக்கு ஆபத்தான அல்லது மீள முடியாத நோயுற்ற முதல் அட்டவணை விலங்கைக் கொல்ல அனுமதிக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு மட்டுமே உண்டு. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் கீழ் வருவது. அது வேட்டைக்கான உரிமம் ஆகாது. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பவரும் வயலுக்குள் வந்த மானை அனுமதியின்றிச் சுட முடியாது.

மான் வேட்டை சட்டப்படி நடக்கும் நாடுகளில் இப்போது தோட்டாவைப் பற்றிய வாதம் ஈயத்தைச் சுற்றி நடக்கிறது. ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் இறைச்சியில் ஒரு சாணுக்கு மேல் பரவும். மானைச் சுத்தம் செய்து காட்டில் விட்டுப்போகும் குடலையும் காயம்பட்டுத் தப்பிய மானின் உடலையும் தின்னும் கழுகுகளும் பிணந்தின்னிகளும் ஈய நச்சால் சாகின்றன. கலிபோர்னியாவின் காண்டோர் கழுகுகள் அழிவின் விளிம்புக்குப் போனதில் இதற்குப் பெரும் பங்குண்டு. அந்த மாநிலம் 2019 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே தடைசெய்துவிட்டது.

ஈயத்துக்கு மாற்று செம்பு. அது உடையாமல் இதழிதழாக விரிந்து ஆழமாகப் பாய்கிறது. கடமான் போன்ற கனத்த விலங்குக்கு ஈயத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே நீளத்தில் செய்தால் எடை குறையும். ஒரே எடையில் செய்தால் குண்டு நீளும். நீண்ட குண்டைச் சுழலவைக்கப் பழைய குழல்களின் வரிப்பள்ளம் போதாமல் போவதுண்டு. விரிவதற்கு வேகமும் கூடுதலாக வேண்டும் என்பதால் நெடுந்தூரச் சூட்டில் கவனம் தேவை. அதனால் செம்புக்கு மாறுகிறவர்கள் வழக்கமாகச் சுடும் எடையிலிருந்து ஒரு படி இறங்கிய குண்டை எடுத்து, குறிக்காட்டியை மறுபடி சரிசெய்துகொள்கிறார்கள். எடையைக் குறைந்தபட்ச வரம்பாக எழுதிவைத்த சட்டங்களும் இதற்கு இடம்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்காட்லாந்து பெரிய மான்களுக்கான குறைந்தபட்சக் குண்டு எடையை 2023இல் 100 கிரெயினிலிருந்து 80 கிரெயினாகக் குறைத்தது இந்தக் காரணத்தால்தான்.